ஒரே அறை, ஐந்து வகுப்பு: சின்னப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

பணியாணை கைக்கு வந்ததும் வீட்டிலும் தெருவிலும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பசங்க?" என்பதுதான். இருபது, இருபத்தைந்து என்று சொன்னால், "அப்போ வேலையே இல்லை" என்பார்கள். அதை நம்பி வராதீர்கள். இருபது பிள்ளைகள்தான் என்றாலும் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் உண்டு. வகுப்புக்கு நான்கைந்து பாடம். ஆசிரியர் இரண்டே பேர். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். வட்டாரக் கூட்டம், பயிற்சி, வங்கி வேலை என்று அவர் வெளியே போகும் நாளில் மொத்தப் பள்ளியும் உங்கள் தலையில். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம் வைத்த கணக்கு. மூன்றாவது ஆள் வருவார் என்று காத்திருக்காமல் இருக்கிற இரண்டு பேரை வைத்தே திட்டம் போடுங்கள்.

நான் திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆற்றோர ஊர் ஒன்றுக்குப் போய்வரும் இடைநிலை ஆசிரியை. வடசென்னை முடிகிற முனை அது. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், நடுவில் சின்னச் சின்ன ஊர்கள். அரசாங்கக் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம். பேச்சு, சாப்பாடு, மருத்துவமனை எல்லாம் வடசென்னைதான். எங்கள் பிள்ளைகள் மீன்பிடிக்கும் வீட்டிலிருந்து வருகிறார்கள், இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள், கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்காக ஒடிசா, பீகாரிலிருந்து வந்து தங்கிய வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். இந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பையும் தனித்தனியாக நடத்தப் பார்த்தால் ஒரு வகுப்புக்கும் நீங்கள் முழுசாகக் கிடைக்க மாட்டீர்கள். ஒரே வகுப்பாக நடத்துங்கள். அதற்குள் ஐந்து படி இருக்கட்டும்.

முதல் வாரம்

முதல் வாரம் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒரு புது நோட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வேப்பமரத்தடியிலோ வராந்தாவிலோ ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு அட்டை காட்டுங்கள்: எழுத்துகள், இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்கள், சின்ன வாக்கியங்கள், ஒரு பத்தி. எந்த அட்டையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கணக்கிலும் அப்படித்தான். பொருளை எண்ணச் சொல்லுங்கள், எண்ணை எழுதச் சொல்லுங்கள், கூட்டல், கடன் வாங்கிக் கழித்தல், பெருக்கல் என்று ஏறுங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். இருபது பேர் இருப்பதன் பெரிய வரம் இதுதான். வாரம் முடிவதற்குள் மொத்தப் பள்ளியும் உங்கள் நோட்டில் இருக்கும்.

அதே பக்கத்தில் இன்னும் சிலவற்றை எழுதுங்கள். வீட்டில் யார் போனை எடுப்பார்கள், அப்பா அம்மா எந்த மாதத்தில் எங்கே வேலைக்குப் போவார்கள், காலையில் பிள்ளையை யார் கிளப்பிவிடுகிறார்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உண்டா. இது ஆய்வுக்கு வருபவரிடம் காட்டும் பதிவேடு கிடையாது. உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் பிரிக்க வேண்டும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சின்னப் பள்ளிக்கு அது அப்படியே பொருந்துகிறது. நான் அதை ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பையும் சேர்த்தே செய்கிறேன். நான்காம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டத் தடுமாறினால், காலைத் தமிழ் நேரத்தில் அது மொட்டுக் குழுவில் உட்காரும். பிள்ளைக்குக் கூச்சமாக இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். அதனால்தான் தமிழுக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு. ஆயாவோடு எண்ணூர் மார்க்கெட்டில் இறால் கூறு போட்டு விற்கும் பையன், வாசிப்பில் மொட்டு என்றாலும் மீதிச் சில்லறைக் கணக்கில் ஐந்தாம் வகுப்பை முந்துகிறான். கணக்கு நேரத்தில் அவன் மலரில் உட்கார்ந்து மற்றவனுக்குச் சொல்லிக்கொடுப்பதை எல்லோரும் பார்க்கட்டும். கூச்சம் தானே போய்விடும். மாதம் ஒருமுறை அதே அட்டைகளைக் காட்டிக் குழுவை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் குழுவின் பெயரே பிள்ளையின் பெயராக ஒட்டிக்கொள்ளும்.

பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலின் ஏணிப் படமும் (எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்டுவது), பிள்ளைகள் தாமே எடுத்துச் செய்யும் அட்டைகளும் எங்காவது கிடக்கும். அதற்கு மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி என்ற கல்வி நிறுவனம் நடத்திய கிராமத்துப் பள்ளிகள். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் படித்த பள்ளிகள் அவை. அந்த அட்டைகள் நம்மைப் போன்ற பள்ளியை மனதில் வைத்து உருவானவை. ஈரம் பட்டு ஓரம் சிதைந்திருந்தால் டேப் ஒட்டுங்கள், தூக்கிப் போடாதீர்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கரும்பலகையும் அந்தக் காலத்தில் வந்ததுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம் பிரித்துப் பெயர் எழுதிவிடுங்கள். நீங்கள் ஒரு மூலையில் இருந்தாலும் எதிர்மூலையில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று தலையைத் தூக்கினாலே தெரியும். நான் பள்ளியில் காசு செலவழிக்கும் முதல் பொருள் கரும்பலகைப் பெயின்ட்தான்.

ஒரு பொருள், ஐந்து படி

மதியத்துக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாக. ஒரு பொருளை நடுவில் வையுங்கள். எப்படி என்று ஒரு நாளை முழுசாகச் சொல்கிறேன்.

முந்தின நாளே ஒரு பையனிடம் சொல்லிவைத்தேன். மறுநாள் அவன் அப்பா ஆற்றில் பிடித்த பச்சை நண்டு ஒன்றைக் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, வாளியில் போட்டுக் கொண்டுவந்தான். அறை நடுவில் வாளி. சுற்றி உட்கார்ந்தோம். முதல் கால் மணி நேரம் நான் எதுவும் கற்றுத்தரவில்லை, கேட்டேன். "இது ஆணா, பெண்ணா?" மூன்றாம் வகுப்புப் பெண் பட்டென்று திருப்பிப் போட்டு வயிற்று மடலைக் காட்டினாள். "இது குறுகலா முக்கோணமா கீது டீச்சர், ஆம்பள. பொட்டைக்கு அகலமா இருக்கும்." கால் எத்தனை? கொடுக்கையும் சேர்த்துப் பத்து. கடைசி ஜோடி மட்டும் ஏன் தட்டையாக இருக்கிறது? "துடுப்பு டீச்சர், நீந்த." இவ்வளவும் அவர்கள் வாயிலிருந்து வந்தது.

அப்புறம் பிரித்தேன். ஒன்றாம் வகுப்பு, களிமண்ணில் ந, ண், டு செய்தது. இரண்டாம் வகுப்பு, தரையில் சாக்பீஸால் வரைந்த பெரிய நண்டின் மேல் கண், கால், ஓடு, கொடுக்கு என்று எழுதிய அட்டைகளைப் பொருத்தியது. மூன்றாம் வகுப்பு ஐந்து வாக்கியம் எழுதியது. நான்காம் வகுப்புக்கு ஒரு கணக்கு: எட்டு நண்டு, அதில் ஒன்றுக்கு மூன்று கால் இல்லை, மொத்தம் எத்தனை கால்? ஐந்தாம் வகுப்புக்கு: கிலோ 400 ரூபாய் என்றால் 350 கிராம் எவ்வளவு? 140 என்று விடை வந்ததும், போன கால் திரும்ப முளைக்குமா என்று கேட்டேன். ஓட்டை உரிக்கும்போது முளைக்கும் என்று ஒருத்தி வீட்டில் பார்த்ததைச் சொன்னாள். அது அறிவியல் பாடம். கடைசியில் அவரவர் செய்ததை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அண்ணன்கள் கிராம் கணக்குப் போடுவதை வேடிக்கை பார்க்கும்போதே அடுத்த நான்கு வருடத்துப் பாடம் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இது பெரிய பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்காது.

நண்டைச் சாயங்காலம் வாளியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வீட்டுக்கு அது காசு.

எந்தக் கற்றல் விளைவு எந்த வகுப்புக்கு வந்தது என்று அன்றே பணி முடிப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆய்வுக்கு வருபவர் "பாடப்புத்தகம் எங்கே போகுது?" என்று கேட்டால் பக்க எண்ணோடு காட்டலாம். நண்டு போலவே மழை, ரயில், பனை ஓலை, காலை உணவில் புதன்கிழமை வரும் பொங்கல் என்று எதையும் எடுக்கலாம். ஆனால் தினமும் புதுப் பொருள் வேண்டாம், உங்களுக்கே மூச்சு வாங்கும். வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாளில் அதே பொருளில் வேறு வேலை.

பிள்ளைகள் பேசுவதை அப்படியே சார்ட்டில் எழுதி வாசிக்கக் கொடுப்பது இன்னொரு நல்ல வழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப்போயின. பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. "எங்கப்பா வலை கறுப்பாயிடுச்சி. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினாங்க. போகல." மூன்று வரி. பாடப்புத்தகத்தில் ஒரு வரியை எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளைகள் அதை விரல் வைத்துக் கடகடவென்று வாசித்தார்கள். தாங்கள் சொன்னது என்பதால் அடுத்த சொல் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் அவர்கள் பேச்சு, ஒரு வாரம் கழித்து அதையே புத்தகத் தமிழில் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் பேசுகிற பேச்சைத் தப்பு என்று வகுப்பில் ஒருநாளும் சொல்லாதீர்கள். சொன்ன நாளோடு அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் பீரோவில் பூட்டாதீர்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி அதிலேயே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கொடிக்கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். நன்றாகப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தால் அவளையே எப்போதும் குட்டி டீச்சர் ஆக்கிவிடும் ஆசை நமக்கு வரும். வீட்டிலும் அவள்தான் தம்பியைத் தூக்குகிறாள். பள்ளியிலாவது அவள் படிக்கட்டும். ஒருவருக்கு ஒரு நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் அந்த வேலை கொடுக்காதீர்கள், எல்லோருக்கும் முறை வரட்டும். விளையாட்டில் பொடிசுகளை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், பிடிபட்டாலும் அவுட் கிடையாது. பாடத்தில் யாரும் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. சின்னதற்கும் அன்றைக்கு முடித்துக் காட்ட ஒரு வேலை வேண்டும்.

ஒற்றை ஆளாக நிற்கும் நாள்

இது மாதத்தில் பலமுறை வரும், சொல்லிக்கொண்டு வராது. அதற்கென்று ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும். குழுவுக்கு ஓர் உறை. உள்ளே ஒரு மணி நேரம் தாங்கும் வேலை, விடை அட்டையோடு. நீங்கள் முதலில் அரும்புக் குழுவோடு உட்காருங்கள், அவர்களுக்குத்தான் ஆள் வேண்டும். மலருக்கு உறையைக் கொடுத்துவிட்டால் அவர்களே பிரித்து, செய்து, விடை சரிபார்ப்பார்கள். கல்வித்துறையின் எமிஸ் இணையப் பதிவில் வருகையைக் காலையிலேயே போட்டுவிடுங்கள், மதியம் சிக்னல் கிடைக்காது. சத்தத்தைக் கண்டு பயப்படாதீர்கள். வேலை நடக்கும்போது ஒரே அளவாக இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு மூலை மட்டும் உயர்ந்தால் அங்கே வேலை தீர்ந்துபோயிருக்கிறது என்று பொருள். எழுந்து போய் அடுத்த வேலையைக் கொடுங்கள்.

வருகிறவர்களும் போகிறவர்களும்

பொங்கல் முடிந்ததும் சில வீடுகள் செங்கல் சூளைக்குக் கிளம்பும். கோடை வரை அங்கேதான். பெயரை நீக்கிவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு பையில் நோட்டு, பென்சில், இரண்டு கதைப் புத்தகம் கொடுங்கள். மேஸ்திரியின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் சாயங்காலம் போன் போட்டுப் பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் போதும், திரும்பி வரும்போது விட்ட இடத்துக்குப் பக்கத்திலாவது நிற்கும். சூளைக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் அங்குள்ள ஆசிரியரிடம் பேசி உட்காரவையுங்கள்.

புதிதாக வருபவர்கள் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப முடியாது. டிசி வரத் தாமதமானாலும் சேர்க்க வேண்டும். பள்ளிக்கே போகாத ஒன்பது வயதுப் பிள்ளை வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில்தான் பெயர், விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி. வீட்டில் ஒடியாவோ இந்தியோ தெலுங்கோ பேசும் பிள்ளையைக் கணக்கில் தொடங்குங்கள், எண்ணுக்கு மொழி குறைவாகப் போதும். பக்கத்தில் நன்றாக வாயாடும் ஒரு பிள்ளையை உட்காரவையுங்கள். தமிழை அந்தப் பிள்ளை நம்மைவிட வேகமாகச் சொல்லிக்கொடுத்துவிடும்.

இருளர் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழை ஒன்றாம் வகுப்பிலேயே கேளுங்கள். பழங்குடிச் சான்று வருவாய்க் கோட்டாட்சியர் அளவில் கொடுப்பது, எளிதில் கைக்கு வராது. ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் கிடைக்க வேண்டும் என்றால் அவ்வளவு முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோருக்குக் கூலி போகாத நாளாகப் பார்த்துக் கூட ஒருவர் போய் வந்தால் பெரிய உதவி.

எண்ணிக்கை குறைகிறதே என்ற கவலை எல்லாச் சின்னப் பள்ளிக்கும் உண்டு. நர்சரி வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும்போது நமக்கு வயிறு கலங்கும். வீடு வீடாகப் போய் இலவசப் பொருட்களின் பட்டியலைச் சொல்வதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, அது அவர்களுக்கே தெரியும். பிள்ளை வாசிப்பதைக் காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தைக் கையெழுத்து வாங்கும் கூட்டமாக முடிக்காமல், முதல் பத்து நிமிடம் பிள்ளைகளிடம் கொடுங்கள். எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை அன்றைய தினத்தந்தித் தலைப்புகளை உரக்க வாசிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா தன் பெண் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் பக்கத்துவீட்டில் சொல்வதைவிட நல்ல விளம்பரம் எனக்குக் கிடைத்ததில்லை. கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள். காலையில் வைத்தால் மார்க்கெட்டுக்குப் போனவர்கள் வர முடியாது.

வகுப்பில் இரண்டே பேர் இருந்தால் பிள்ளைக்குத் தன் வயதுத் துணை குறைவு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உங்களைப் போலவே இருபது பிள்ளை வைத்திருக்கும் இன்னொரு ஆசிரியரைப் பிடியுங்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொள்ளட்டும். நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வரலாம். வருடத்தில் ஓரிரு முறை இரண்டு பள்ளியும் சேர்ந்து கபடி, வாசிப்பு என்று ஒரு நாள் வைத்தால் ஆறாம் வகுப்பில் போய் உட்காரும்போது அங்கே தெரிந்த முகம் இருக்கும்.

ஆறாம் வகுப்புதான் நம் பிள்ளைகள் நழுவும் இடம். இருபது பேருக்கு நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட பிள்ளை, நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கும் பள்ளியில் முதல் வாரமே மிரண்டு வீட்டில் உட்கார்ந்துவிடும். அதனால் ஏப்ரலிலேயே தொடங்குங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோரோடு அந்தப் பள்ளிக்கு ஒருமுறை கூட்டிப்போய், வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க்குழாய், பேருந்து நிற்கும் இடம் எல்லாம் காட்டுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டுதான் கணக்கு. உங்கள் நோட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்தை நகல் எடுத்து ஆறாம் வகுப்பு ஆசிரியர் கையில் கொடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அவருக்கு ஒரு போன் போட்டு, நம் பிள்ளைகள் தினமும் வருகிறார்களா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.